ஆயிரத்து நாற்பத்தேழுக்குச் சொந்தமானவை

வெலிச்கா அக்கா எங்கள் நிறுவனத்தின் சர்வர்களைப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டாள். பல்கேரியாவின் தோப்ரிச் நகரத்தின் கிழக்கு முனையில், தானியக் கிடங்குகளைத் தாண்டி நிற்கும் நான்கு மாடிக் கட்டடம் எங்களுடையது. நீர், மண், பாசனம் பற்றிய படிப்பும் ஆராய்ச்சியும் அங்கே நடக்கும். அவளுடைய அறை அடித்தளத்தில், கொதிகலன் அறைக்கு அடுத்தது. குளிர்காலத்தில் கட்டடத்திலேயே அது ஒன்றுதான் சூடான அறை என்பதால், எல்லோரும் ஏதாவது ஒரு சாக்கில் அங்கே இறங்கி வருவோம். நான் மூன்றாவது மாடியில் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தேன். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கீழே போய்விடுவேன். அவள் அதிகம் பேசமாட்டாள், நானும் அப்படித்தான். எங்களுக்கு ஒத்துப்போனது.

ஆசிரியர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் சர்வரில் ஆளுக்கொரு கணக்கு, கணக்குக்கு ஒரு கோப்புறை. அதில் அவரவர் பக்கங்களையும் நிரல்களையும் வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் எல்லோருடைய நிரல்களும் ஒரே பொதுப் பெயரில்தான் ஓடின. 2004 அக்டோபரில் ஒரு மாணவன் வைத்திருந்த விருந்தினர் குறிப்பேட்டுப் பக்கத்தின் ஓட்டை வழியாக எவனோ உள்ளே வந்தான். பொதுப் பெயர் என்பதால் ஒரு அறைக்குள் வந்தவனுக்கு எல்லா அறைகளும் திறந்தன. ஒரே காலையில் முப்பது பேருடைய வேலை போயிற்று. அதன் பிறகுதான் வெலிச்கா அக்கா அந்தக் காவலை ஏற்படுத்தினாள். யாருடைய கோப்புறையில் நிரல் இருக்கிறதோ, அது அவர் பெயரில் மட்டுமே ஓடும். ஓட்டுவதற்கு முன் காவல் நிரல் சில கேள்விகள் கேட்கும். இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா? இந்தக் கோப்பு அவருடையதா? அவரைத் தவிர வேறு யாராவது இதில் கைவைக்க முடியுமா? ஒரு பதில் சரியில்லை என்றாலும் ஓடாது. திரையில் ஐந்நூறு என்ற எண்ணும் 'சர்வரில் உள்பிழை' என்ற வரியும் வரும், அவ்வளவுதான். காரணம் தனியாக ஒரு பதிவேட்டில் இருக்கும். அதை அவள் மட்டும்தான் படிக்க முடியும்.

இதனால் அவளுக்கு எதிரிகள் நிறைய. மண்ணியல் துறை போத்தெவ் மாதம் ஒருமுறையாவது வந்து நிற்பார்.

"அக்கா, என் பக்கம் திறக்க மாட்டேங்குது. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்துட்டேன், அப்பவும் ஐந்நூறுங்குது."

"குடுத்ததாலதான்."

"அது எப்படி?"

"வீட்டுக் கதவைக் கழட்டிச் சுவத்துல சாத்தி வச்சிருக்கீங்க. வாட்ச்மேன் பார்க்கிறான். இது யாரு வீடுன்னே தெரியல, நான் உள்ள போக மாட்டேன்னு நிக்கிறான்."

"இன்டர்நெட்ல எல்லா அனுமதிக்கும் ஏழு ஏழு ஏழு போடுன்னுதானே எழுதியிருக்கு."

"அப்ப இன்டர்நெட்டையே வந்து சரிபண்ணச் சொல்லுங்க. நான் காபி குடிச்சிட்டு வரேன்."

அவள் ஒருபோதும் திட்ட வேண்டியிராத ஒரே ஆள் அசேன் கோலெவ். நிலத்தடி நீர் ஆராய்ச்சியாளர். எங்கள் பீடபூமியில் ஆறு கிடையாது. ஊர்களெல்லாம் ஆழமான கிணறுகளை நம்பித்தான் இருக்கின்றன. கோலெவ் அறுபத்து மூன்று ஊர்களில் ஊருக்கு ஒருவரைப் பிடித்து, ஞாயிறுதோறும் கிணற்றில் அளவு நாடாவை இறக்கச் சொன்னார். அவர்கள் ஊர் நூலகத்துக் கணினியிலோ மேயர் அலுவலகத்திலோ உட்கார்ந்து, கோலெவின் பக்கத்தைத் திறந்து, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பதிவார்கள். அவருடைய நிரல் அதைக் கோடாக வரையும். எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்றும் கணித்துச் சொல்லும். 2002இல் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் காகிதத்திலும் எழுதினார்கள். பிறகு, "நோட்டை எலி தின்னும், கம்ப்யூட்டரைத் தின்னாது" என்று சொல்லி, கோலெவே நோட்டுகளை நிறுத்திவிட்டார்.

காலை பத்தரைக்கு இயந்திரத்திலிருந்து இரண்டு காபி பிடித்துக்கொண்டு அடித்தளத்துக்கு வருவார்.

"கமாண்டரே, இன்னைக்கு எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"ரெண்டு. மூணாவதா நிக்க இஷ்டமா, இஞ்சினியரே?"

"என் கோப்பெல்லாம் பூட்டித்தான் இருக்கு. நீங்க சொன்ன மாதிரியே. என் நிரலைத் தவிர எந்தப் பயலும் அளவுகளைப் படிக்கக்கூட முடியாது."

"நல்ல பிள்ளை."

பத்து வருடப் பழக்கத்திலும் இருவரும் நீங்க என்றுதான் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

கோலெவ் 2011 பிப்ரவரியில் இறந்தார். கிணறு அளப்பவர்களில் ஒருவரான ஹுசேயின் மாமாவின் ஊரில், கிணற்றிலிருந்து நாடாவைச் சுற்றி எடுக்கும்போது மாரடைப்பு. மனைவி எப்போதோ பிரிந்து போயிருந்தாள். மகன் டொராண்டோவிலிருந்து வந்து, மூன்றாம் நாள் திரும்பிப் போனான். நாற்பதாம் நாளுக்குக் கோதுமை வேகவைத்துச் சர்க்கரை தூவி எல்லா அறைகளுக்கும் கொண்டுவந்து கொடுத்தது வெலிச்கா அக்காதான். படத்தோடு இரங்கல் தாள் அச்சடித்து நிறுவன வாசல் கண்ணாடியில் ஒட்டியதும் அவள்தான். இங்கே யார் வீட்டிலும் செய்வதுபோல நாற்பதாம் நாள், அரை வருடம், ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று விடாமல் ஒட்டினாள். செய்ய வேறு ஆள் இல்லை.

ஒவ்வொரு மாதமும் பணியாளர் பிரிவிலிருந்து விலகியவர்களின் பட்டியல் வரும். அந்தப் பெயர்களை அவள் சர்வரிலிருந்து நீக்க வேண்டும். மார்ச் பட்டியலில் கோலெவின் பெயர் இருந்தது. அதன் பக்கத்தில் முடிந்தது என்று குறியிட்டு, தாளைக் கோப்பில் வைத்தாள். நீக்கவில்லை.

நீக்கினால் கிணறுகள் நின்றுவிடும். அவள் வைத்த காவலே நிறுத்திவிடும். இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. வேறொருவர் பெயருக்கு மாற்றலாம்தான். ஆனால் திட்டத்துக்குத் தலைவராக இருப்பவர் பெயரில்தான் மாற்ற முடியும். கோலெவோடு திட்டமும் முடிந்துவிட்டதாகக் கணக்கு. பழைய டீனிடம் இரண்டு முறை போய்க் கேட்டாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். பிறகு அவர் ஓய்வு பெற்றார். இப்படியே இரண்டு வருடம் கோலெவ் சர்வரில் உயிரோடு இருந்தார். ஞாயிறுதோறும் அறுபத்து மூன்று ஊர்களின் அளவுகள் அவர் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தன.

2013 பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டுத் தாளை ஒட்டினாள். அந்த வாரம்தான் புதிய துணை டீன் இலீவ் சோஃபியாவிலிருந்து ஒரு தணிக்கையாளரை வரவழைத்திருந்தார். சர்வரில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, எது எப்போது இயங்கியது என்று பார்ப்பதும் அவருடைய வேலை. அந்தத் திங்கட்கிழமை நான் கடவுச்சொல்லை மறந்துவிட்டு அடித்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். இலீவும் தணிக்கையாளரும் கோட்டுகூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்கள்.

"அசேன் கோலெவ்ங்கிறது யாரு மேடம்?" என்றார் தணிக்கையாளர்.

"எங்க ஆராய்ச்சியாளர்."

"இப்ப எங்க இருக்கார்?"

வெலிச்கா அக்கா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கினாள்.

"சிகரெட் பிடிக்க வெளியே போனேன். வாசல்ல ஒருத்தர் படம் இருக்கு. காலமாகி ரெண்டு வருஷம்னு போட்டிருக்கு. கையில இருந்த லிஸ்டைப் பார்த்தா அதே பேரு. நேத்து மட்டும் நூத்திப் பத்து தடவை வேலை பார்த்திருக்கார்."

இலீவ் சிரித்தார். "நம்ம உயிரோட இருக்கிறவங்க மாசத்துக்கு ஒரு அறிக்கை எழுத மாட்டேங்குறாங்க. செத்தவர் ஞாயித்துக்கிழமைகூட வராரு பாருங்க."

தணிக்கையாளரும் சிரித்தார். பிறகு, "அந்தத் தாளை ஒட்டினது யாரு?" என்றார்.

"நான்தான்."

"இந்தக் கணக்கைத் திறந்து வச்சிருக்கிறதும் நீங்கதான்."

"ஆமா."

"அப்ப தெரியாம நடந்ததுன்னு சொல்ல முடியாது."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள் அக்கா.

இலீவின் சிரிப்பு அடங்கியது. "இப்பவே நீக்குங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

கிணறுகளைப் பற்றி அவள் சொல்லிப் பார்த்தாள். இலீவ் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் தட்டினாள். தட்டுவதற்கு முன் வெகுநேரம் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

"ஃபைல் எல்லாம்?" என்றார் தணிக்கையாளர்.

"கணக்கைத்தானே நீக்கச் சொன்னார்."

அவர் தோளைக் குலுக்கினார். ஆக, கோலெவின் பெயர் போயிற்று, கோப்புகள் அப்படியே இருந்தன. உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் அந்தப் பெயருக்கு இயந்திரம் வைத்திருந்த எண் மட்டும் தெரிந்தது: 1047.

அன்று மதியமே வார்னாவிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். சர்வர் வேலையை அவர்களிடம் கொடுப்பதாக இலீவ் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. நிர்வாகியின் கடவுச்சொல், நகல் வட்டுகள், அலமாரிச் சாவி எல்லாவற்றையும் அவளிடமிருந்து எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அதே அறை, பயனர் உதவி என்று ஒரு பதவி, எங்களையெல்லாம்போல ஒரு சாதாரணக் கணக்கு. கோலெவின் அளவுகளை ஒருமுறை நகல் எடுத்துக்கொள்ளக்கூட இடைவெளி கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அறுபத்து மூன்று ஊர்களிலும் ஐந்நூறு வந்தது. திங்கட்கிழமை காலை ஹுசேயின் மாமா தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் பேசினால் ஒலிபெருக்கியே தேவையில்லை.

"மகளே, என் கிணத்தைக் காணோம்!"

"கிணறு அங்கதான் இருக்கும் மாமா, பாருங்க."

"இங்க இருக்கு. உன் மிஷின்லதான் இல்ல. நம்பரைப் போட்டா அஞ்சு சைபர் சைபர்ங்குது. என் கிணறு அவ்வளவு ஆழம் கிடையாதும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "கொஞ்ச நாளைக்கு ஒரு தாள்ல எழுதி வைங்க. நான் சரிபண்ணிடுறேன்."

"ஜூனுக்குள்ள ஆயிடும்ல? இருபதாம் தேதி நகரசபை கூடுது."

அது அவளுக்கும் தெரியும். நகரசபை அந்த வருடம் நான்கு ஊர்களுக்கு மட்டும் புதிய ஆழ்துளைக் கிணறு போட இருந்தது. எந்த நான்கு ஊர்கள் என்பதைத் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வார்கள். பதினோரு வருட அளவுகளைக் காட்டினால் ஹுசேயின் மாமாவின் ஊர் முதலிடத்தில் வரும். அங்கே வருடத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவளால் கோலெவின் கோப்புறைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. அறுபத்து மூன்று கோப்புகளின் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1047. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. உரிமையாளரைத் தவிர யாரும் படிக்கக்கூடாது என்று அவள்தான் கோலெவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கட்டடத்திலேயே அதைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான். போத்தெவ் வைத்திருந்ததுபோல எல்லோருக்கும் திறந்து வைத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

வார்னாவில் எங்கள் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் க்ராசிமிர் என்ற பையன். மரியாதையாகத்தான் பேசினான்.

"அந்த ஃபைலுக்கு ஓனர் யாருக்கா?"

"இறந்துட்டார்."

"ஓனர்கிட்டருந்து மெயில் வந்தாத்தான் நான் திறக்க முடியும்."

"அவர் எப்படித் தம்பி அனுப்புவார்?"

"அதுவும் சரிதான். அப்ப ப்ராஜெக்ட் தலைவர் அனுப்பட்டும். ப்ராஜெக்ட் நம்பர் போட்டு."

"ப்ராஜெக்டை மூடிட்டாங்க."

"மூடின ப்ராஜெக்டுக்கு ஃபைல் எதுக்குக்கா?"

"உன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மார்ச்சிலிருந்து மே வரை பதினொரு விண்ணப்பங்கள் எழுதினாள். எழுதி முடித்ததும் எனக்குப் படிக்கக் கொடுப்பாள். நான் ஒன்றிரண்டு வார்த்தைகளைத் திருத்துவேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. கடைசி முறை நேரில் போனபோது இலீவ், "திருமதி வெலிச்கா, அந்த மனுஷனைப் புதைச்சாச்சு. இன்னொரு தடவை அந்தப் பேர் என் மேஜைக்கு வந்தா நான் வேற மாதிரி எழுத வேண்டியிருக்கும்" என்றாராம். டொராண்டோவிலிருந்த மகனுக்கும் எழுதினாள். அப்பாவின் அலுவலக விஷயங்கள் தனக்குத் தெரியாது, அவளுக்கு நன்றி என்று இரண்டு வரி பதில் வந்தது. ஊர்களிலிருந்து திங்கட்கிழமைதோறும் தொலைபேசி வந்தது. சரிபண்ணிடுறேன், சரிபண்ணிடுறேன் என்றாள். மே மாதத்தில் அந்த அறையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சாப்பிடுவதே இல்லை. காலையில் வந்ததும் அந்தக் கோப்புறையின் பட்டியலை ஒருமுறை திறப்பாள். 1047, 1047 என்று கீழே வரை போகும். மூடிவிடுவாள்.

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் அறைக்கு சியானா என்ற பெண் புதிதாகச் சேர்ந்தாள். வெளிநாட்டு மாணவர் பிரிவுக்குச் செயலாளர். வார்னாக்காரர்கள் அவளுக்குக் கணக்கு ஏற்படுத்தினார்கள். ஒவ்வொரு புதிய கணக்குக்கும் ஒரு எண் வேண்டும். வெலிச்கா அக்கா போனவர்களின் எண்ணை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை, எப்போதும் புது எண்தான். இவர்களுடைய முறை வேறு. காலியான எண் எது என்று இயந்திரமே தேடி எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்குத் தெரிந்ததெல்லாம், சியானா கையில் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தோடு திரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான்.

"இடம் நிறைஞ்சு போச்சாமே! நான் வந்து ரெண்டு நாள்தான் ஆகுது. அனுப்பினது ஒரே ஒரு மெயில்."

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவளுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது, அவளுக்குச் சொந்தமான கோப்புகளில் வேண்டாதவற்றை நீக்க வேண்டும் என்று இருந்தது. அவள் க்ராசிமிருக்குப் போன் செய்தாள். அவன் ஒரு வரியைத் தட்டச் சொன்னான். அவளுக்குச் சொந்தமானவை எல்லாம் வரிசையாக வந்தன.

"k01, k02, k03... அறுபத்து மூணு வரைக்கும் போகுது. இது என்ன, வைரஸா?"

நான் என் மேஜையிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கவில்லை. ஒரு ஒப்பந்தத்தின் நடுவில் இருந்தேன். "உன் பேர்ல இருக்குன்னா உன்னுதுதான். நீ வைக்கலேன்னா வேண்டாததுதானே" என்றேன்.

"க்ராசி, எல்லாத்தையும் ஒண்ணா எடுக்கிறதுக்கு ஒரு வரி சொல்லேன்" என்று அவள் போனில் கேட்டாள். பிறகு பனித்சாவைப் பாதி பிட்டு என் மேஜையில் வைத்தாள்.

அப்போது மணி பத்து. வெலிச்கா அக்கா ஒன்பதுக்கே வழக்கம்போலப் பட்டியலைத் திறந்திருக்கிறாள். அன்று 1047 இல்லை. அறுபத்து மூன்று கோப்புகளுக்கும் பக்கத்தில் s.mineva என்று ஒரு பெயர் இருந்தது. எண் யாருக்கோ போயிருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது அவளுக்கு. கோப்புகளுக்கு இப்போது உயிருள்ள ஓர் உரிமையாளர் இருந்தார். அந்த ஆள் யாராக இருந்தாலும், ஒரு வரி தட்டினால் போதும், பூட்டு திறந்துவிடும். இலீவும் வேண்டாம், வார்னாவும் வேண்டாம். ஆனால் மினேவா யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. பணியாளர் பிரிவுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. நேரில் போனாள், கூட்டம் நடந்துகொண்டிருந்தது. காத்திருந்தாள்.

பத்து இருபதுக்கு எங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அந்த நான்கு மாதத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"மினேவா நீதானே கண்ணு? உன் பேர் என்ன, சியானாவா? பயப்படாத, தப்பு ஒண்ணும் இல்ல. உன் பேர்ல அறுபத்து மூணு ஃபைல் வந்திருக்கு. நான் ஒரு வரி சொல்றேன், அதை மட்டும் அடி, போதும்..."

"k-ன்னு ஆரம்பிக்கிறதா?" என்றாள் சியானா. "அதை எல்லாத்தையும் இப்பத்தான் அழிச்சேன்கா. இடம் இல்லன்னாங்க."

வெலிச்கா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன்.

"நீங்களுந்தான் பத்து நிமிஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா அக்கா" என்று சியானா ஆரம்பித்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "முக்கியமானதா? என்கிட்ட யாரும் சொல்லலியே. இவங்கதான் படிச்சுச் சொன்னாங்க..."

அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னாள் அக்கா. சியானா திரையைத் திருப்பினாள். அக்கா முழுவதும் படித்தாள். பிறகு என்னிடம், "சரியாத்தான் மொழிபெயர்த்திருக்க" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நகல்கள் இல்லை. வார்னாக்காரர்கள் கணக்கு உள்ளவர்களின் கோப்புறைகளை மட்டும்தான் நகலெடுத்தார்கள். அவள் ஒப்படைத்த பழைய வட்டுகளை ஏப்ரலிலேயே அழித்து, மறுபடி பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். க்ராசிமிர் இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். அழுதுவிடுவான்போல இருந்தது அவன் குரல். "நீ ஒண்ணும் தப்பாப் பண்ணல தம்பி" என்று அவள்தான் அவனுக்குச் சொன்னாள். "எண்ணை மட்டும் இனிமே யாருக்கும் திருப்பிக் குடுக்காத."

ஊர்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் போனை எடுக்கவே இல்லை. மணி அடித்து ஓயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பதினெட்டாம் தேதி ஹுசேயின் மாமா பஸ் பிடித்து நேரில் வந்துவிட்டார். வெளுத்த கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் தக்காளியும் ஒரு பாட்டில் அய்ரான் மோரும். கதவருகே தொப்பியைக் கழற்றினார்.

"போன் எடுக்க மாட்டேங்குற, சரி, மகளுக்கு உடம்பு சரியில்லையோன்னு நானே வந்துட்டேன். நாளன்னைக்கு நகரசபை. எனக்கு எல்லா ஊரும் வேண்டாம். என் ஊரு ஒண்ணை மட்டும் ஒரு தாள்ல அடிச்சுக் குடு. பதினோரு வருஷம். நானே கொண்டுபோய் மேஜைமேல வைக்கிறேன்."

வெலிச்கா அக்கா என்னைப் பார்த்தாள். அவருக்குப் பல்கேரியன் சந்தைக்கும் பஸ்சுக்கும் போனுக்கும் போதும், இதற்குப் போதாது. என் வீட்டிலும் அவர் வீட்டிலும் ஒரே பாஷைதான், துருக்கி. நான் பள்ளியில் இரண்டையும் படித்தவள்.

"நீயே சொல்லிடும்மா. எனக்கு அவர்கிட்ட வார்த்தை இல்ல" என்றாள்.

சொன்னேன். எண், கணக்கு, காவல் எதுவும் சொல்லவில்லை. அளவுகள் எல்லாம் அழிந்துவிட்டன மாமா, திரும்பக் கிடைக்காது என்றேன். யார் அழித்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் தொப்பியைக் கைகளில் சுற்றிக்கொண்டிருந்தார். "எல்லா ஊரும் போச்சா?"

"எல்லா ஊரும்."

"இஞ்சினியர் அளந்ததும்? கடைசியா அன்னைக்கு அளந்தாரே, அது? நான்தான் அதைப் போட்டேன். அவரைத் தூக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் நூலகத்துக்குப் போய் நானே போட்டேன்."

"அதுவும் மாமா."

வெலிச்கா அக்காவுக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. ஆனால் இஞ்சினியர் என்ற சொல் எங்கள் இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

அவர் கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மார்ச்சிலிருந்து எழுதி வைத்த எண்கள், ஞாயிறுக்கு ஒன்றாகப் பதினாறு. பதினாறு வாரத்தை வைத்துக்கொண்டு எந்த நகரசபையும் எதையும் முடிவு செய்யாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. தாளை அவள் பக்கம் நகர்த்தி, நேராக வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார்.

"என்ன மாமா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் நாடாவை இறக்கணுமா, வேண்டாமா?"

"என்ன கேக்குறார்?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

சொன்னேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் இருவருக்கும் நடுவில், மொழிபெயர்க்க எதுவும் இல்லாமல் நின்றேன்.